குமரி எல்லையில் சட்டம் கற்பிப்பவருக்கு நூலக வழிகாட்டி: இஷ்யூ முதல் திருவனந்தபுரம் வரை

கன்னியாகுமரி மாவட்டத்துச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்பவருக்கு ஒரு மாநிலத்து நூலகம் போதாது. நிலம், கோயில் சொத்து, பழைய குத்தகை, குடும்பப் பாகம் என்று உள்ளூர் விஷயம் எதைத் தொட்டாலும் அது திருவிதாங்கூர் காலத்துச் சட்டத்தில் போய் முட்டும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஜனங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களுடைய வழக்குகளைச் சொல்லும் தீர்ப்புத் தொகுதிகளில் பலவும் அந்தப் பக்கமே தங்கிவிட்டன.

அதனால் இந்த வட்டாரத்து நூலகரிடம் ஆசிரியர்கள் கேட்கும் பொருள்களில் கணிசமானவை அலமாரியில் இருக்காது. ஆனால் வரவழைக்க முடியும். வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கேட்கும் விதம்தான். எதைக் கேட்டாலும் முதலில் மூன்றில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: புத்தகமே கையில் வேண்டுமா, சில பக்கங்களின் நகல் போதுமா, அல்லது நேரில் போய் உட்கார்ந்து பார்த்தாக வேண்டிய சரக்கா? இந்த மூன்றுக்கும் வழி வேறு, செலவு வேறு, காத்திருக்கும் காலமும் வேறு. பல மாதம் இழுத்த வேண்டுகோள்களில் பாதி, நகல் போதும் என்கிற இடத்தில் புத்தகத்தைக் கேட்டதால் இழுத்தவை.

படி 1: சேர்ந்த வாரத்திலேயே கணக்குத் திறப்பது

நியமன ஆணையின் நகல், கல்லூரி அடையாள அட்டை, ஒரு போட்டோ, கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி. இவ்வளவுதான் கேட்பார்கள். பதிலுக்கு நீங்கள் கேட்டு வாங்கவேண்டியவை இன்னும் கொஞ்சம் கூட: நூலக உறுப்பினர் எண், கேட்லாக்கில் நுழையும் பாஸ்வேர்ட் (நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் கோஹா மென்பொருள்தான்), கல்லூரி சந்தா கட்டியிருக்கும் தரவுத்தளங்களின் பெயர்ப் பட்டியல், அவற்றை வீட்டிலிருந்தே திறக்க வழி உண்டா என்ற தகவல், டெல்நெட் போன்ற நூலக வலையமைப்பில் கல்லூரி உறுப்பினரா என்ற பதில். கடைசியில் சொன்னதை யாரும் கேட்பதே இல்லை. பின்னால் வரும் பாதிப் படிகள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

கெளரவ விரிவுரையாளர்கள் கவனிக்க: சில இடங்களில் உங்களுக்கு மாணவர் அளவு புத்தகமே தருவார்கள். வாரம் முழுக்க வகுப்பெடுக்கும் ஒருவருக்கு இரண்டு புத்தகம் என்பது அநியாயம் என்பது என் கட்சி. துறைத் தலைவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். விதியைத் தளர்த்த விரும்பும் நூலகருக்கும் அந்தக் காகிதம் தேவை, நாளைக்குத் தணிக்கை வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

படி 2: எது வீட்டுக்கு வரும், எது வராது

சட்ட நூலகம் மற்றக் கல்லூரி நூலகம் மாதிரி இல்லை. இதன் உயிர், தீர்ப்புகளை ஆண்டுவாரியாக வெளியிடும் வரிசைத் தொகுதிகளில் இருக்கிறது. ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்), எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்), கிரிமினல் லா ஜர்னல், மெட்ராஸ் லா ஜர்னல், கேரளா லா டைம்ஸ் ஆகியவற்றின் பைண்டிங் செய்த வால்யூம்கள் வெளியே போகாது. பாடப்புத்தகம், கமெண்டரி (சட்டப் பிரிவுகளுக்கான உரைநூல்), கட்டுரைத் தொகுப்பு எல்லாம் போகும். புதிதாக வந்த இதழ்கள் பைண்டிங்குக்குப் போகும்வரை மேசையிலேயே கிடக்கும்.

ஆசிரியர்களுக்கு இதில் அடிக்கடி வருத்தம் உண்டு. 'ஒரே ஒரு ராத்திரிதானே சார், காலையில் கொண்டுவந்துவிடுகிறேன்' என்பார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம் தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம். 1953-ம் வருடத்து ஏ.ஐ.ஆர். தொகுதி ஒன்று தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் யாரும் விற்பதில்லை. வரிசையில் ஒரு பல் விழுந்தால் விழுந்ததுதான். இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் குறைந்தது பத்தாண்டுப் பின்தொகுதிகளாவது நூலகத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆய்வுக் குழு வந்து அலமாரியைத்தான் பார்க்கும், உங்கள் வீட்டு மேசையைப் பார்க்காது.

ஆனாலும் ராத்திரி இஷ்யூ என்று ஒரு வழக்கம் பல நூலகங்களில் உண்டு. மூடும் நேரத்தில் எடுத்து, மறுநாள் திறக்கும்போது ஒப்படைப்பது. எழுதப்பட்ட விதியில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். ஒரே தீர்ப்புதான் வேண்டும் என்றால் அதுவும் தேவையில்லை, அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு எடுத்த புத்தகங்களைப் பொறுத்தவரை ரின்யூ செய்வதற்கு நேரில் வர வேண்டாம், கேட்லாக்கில் உங்கள் கணக்கைத் திறந்தால் பொத்தான் இருக்கும். வேறொருவர் அதே புத்தகத்துக்குப் பதிந்து வைத்திருந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது, அப்போது கொடுத்துத்தான் ஆக வேண்டும். தொலைத்துவிட்டால் பணமாகக் கட்டுவதைவிடப் புதிய பதிப்பாக வாங்கிக் கொடுப்பதே நூலகத்துக்கு நல்லது.

படி 3: செமஸ்டர் தொடங்கும் முன் ரிசர்வ் அலமாரி

அறுபது மாணவர், நான்கு பிரதி. எந்தக் கணக்குப் போட்டாலும் பத்தாது. அதற்குத்தான் ரிசர்வ் அலமாரி: நீங்கள் குறிப்பிடும் புத்தகங்களைப் பொது அலமாரியிலிருந்து எடுத்துக் கவுண்டருக்குப் பின்னால் வைத்து, மாணவர்களுக்கு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று கொடுப்பார்கள். வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பட்டியல் கொடுத்துவிடுங்கள். அந்தப் புத்தகம் ஏற்கனவே யார் வீட்டிலாவது இருந்தால் திரும்பக் கேட்டு வாங்க அவ்வளவு நாள் வேண்டும். அது பெரும்பாலும் இன்னொரு ஆசிரியர் வீட்டில்தான் இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியலில் பதிப்பு வருடத்தை எழுதுங்கள். குற்றவியல் பாடங்களுக்கு இது இப்போது கட்டாயம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டன. பெயரை வாய்க்குள் நுழைப்பதே பெரும்பாடு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும், அதுவரை வந்த தீர்ப்புகள் அத்தனையும் பழைய பிரிவு எண்ணிலேயே இருக்கின்றன. ஆகவே பழைய கமெண்டரிகளைக் கழித்துக் கட்டச் சொல்லும் துறைத் தலைவர் யாராவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டையும் ரிசர்வில் வைக்கச் சொல்லுங்கள். பிரிவு எண் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைப் பழைய புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிவைத்தால் மாணவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க மாட்டார்கள்.

பாடப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டாகக் கொடுக்கலாமா என்று சட்ட ஆசிரியர்களே என்னிடம் கேட்பதுண்டு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ மறுபிரதி செய்வதை மீறல் அல்ல என்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகவே வாசித்தது, பாடத்துக்குத் தேவையான அளவு என்பதே அளவுகோல் என்றது. அதற்காக முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து வாட்ஸப் குழுவில் போடுவது அந்த அளவுக்குள் வருமா என்று நீங்களே வகுப்பில் ஒரு கேள்வியாக வைக்கலாம். தீர்ப்புகளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் தீர்ப்பின் மூல வாசகம் வேறு, பதிப்பகம் சேர்த்த தலைக்குறிப்பும் (தீர்ப்பின் மேலே வரும் சுருக்கம்) பத்தி எண்ணும் வேறு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைப் போட்டது. மாணவருக்குக் கொடுக்கும் பிரதியை நீதிமன்றத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை.

படி 4: நூலகரிடம் வருமுன் நீங்களே தேடிப் பார்ப்பது

கேட்லாக், அப்புறம் இலவசத் தளங்கள், அப்புறம் சந்தா தரவுத்தளம். இந்த வரிசையில் போங்கள். மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு இந்தியா கோட் தளம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு 2023-ல் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர்., அதிகாரபூர்வ அறிக்கையே இலவசமாகக் கிடைக்கும். அவசரத் தேடலுக்கு இந்தியன் கானூன். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்ஃபிளிப்நெட்டின் ஷோத்கங்கா. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைக் குறிப்பிடும்போது 2023 முதல் வந்துள்ள பொது மேற்கோள் எண்ணையும் (நியூட்ரல் சைட்டேஷன்) சேர்த்து எழுதிக்கொண்டால் எந்தத் தரவுத்தளத்திலும் சட்டென்று அகப்படும்.

சந்தா தரவுத்தளங்களில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்று வரம்பு இருக்கும். மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) போட்டிக் காலத்தில் மதியத்துக்கு மேல் முயன்றால் கதவு திறக்காது, காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை டவுன்லோட் செய்தால் பல நிறுவனங்கள் முழுக் கல்லூரியின் இணைப்பையும் நிறுத்திவைக்கும். பிறகு அவர்களுக்கு விளக்கக் கடிதம் எழுதுவது நூலகர் வேலை.

ஆய்விதழ்களில் அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் இப்போது இடைவெளி பெரிது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்கள் இதில் உண்டு. ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரியில் இருப்பவர் பக்கத்து அரசுக் கல்லூரி நூலகத்துக்குப் போய் அங்கே படித்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். அங்குள்ள நண்பரின் பாஸ்வேர்டை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள், அவர் கணக்குத்தான் போகும்.

படி 5: திருவிதாங்கூர் சரக்கைத் தேடுவது

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். மற்றதெல்லாம் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவரும் சொல்லிவிடுவார்.

மேற்கோளில் 'டி.எல்.ஆர்.' என்று இருந்தால் முதலில் நிதானியுங்கள். பழைய திருவிதாங்கூர் தீர்ப்பிலும், விளவங்கோட்டு நில வழக்கிலும் அது திருவிதாங்கூர் லா ரிப்போர்ட்ஸ். ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தில் அதே சுருக்கம் லண்டன் டைம்ஸ் லா ரிப்போர்ட்ஸ். எம்.எல்.ஜே. மெட்ராஸ் லா ஜர்னலாகவும் இருக்கலாம், மலாயன் லா ஜர்னலாகவும் இருக்கலாம். நீங்கள் மேற்கோளை எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று வேண்டுகோளில் எழுதினால் இந்தக் குழப்பம் கவுண்டரிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது ஆண்டு. திருவிதாங்கூர்ச் சட்டங்கள் கொல்லம் ஆண்டில் எண்ணிடப்பட்டவை. அங்கே வருடம் சிங்க மாதம் (நம் ஆவணி) ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். சிங்கம் முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824, ஜனவரி முதல் அடுத்த ஆகஸ்ட் நடு வரை உள்ள தேதிக்கு 825 கூட்டுங்கள். பண்டாரப்பாட்ட விளம்பரம் (அரசு நிலக் குத்தகை பற்றிய அரச பிரகடனம்; பிரகடனத்தை அங்கே விளம்பரம் என்பார்கள்) 1040-ம் ஆண்டு இடவ மாதத்தது (நம் வைகாசி), எனவே 1865. ஜென்மி குடியான் (நில உடைமையாளர், குத்தகைதாரர்) ரெகுலேஷன் 1071, அது 1896-ல் வரும். நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் 1101 என்று கண்டால் 1925 ஆகஸ்டுக்கும் 1926 ஆகஸ்டுக்கும் இடையே எங்கோ. மாதம் தெரியாமல் ஆங்கில வருடத்தை மட்டும் எழுதி அனுப்பினால் பாதிச் சமயம் பக்கத்து வால்யூம்தான் வந்து சேரும்.

மூன்றாவது, வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருந்த காலம் என்று பாருங்கள். 1949 வரை திருவிதாங்கூர் ஹைகோர்ட், இருந்த இடம் திருவனந்தபுரம். 1949 ஜூலையில் திருவிதாங்கூர்-கொச்சி இணைந்தபின் ஹைகோர்ட் எர்ணாகுளத்துக்குப் போனது. 1956 நவம்பரிலிருந்து நம் மாவட்டம் மெட்ராஸ் ஹைகோர்ட்டின் கீழ், 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை. இதில் நடுவில் உள்ள ஏழு வருடத்துக்கு எல்லை தாண்ட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1950-களின் ஏ.ஐ.ஆர். வரிசையில் திருவிதாங்கூர்-கொச்சிக்கென்றே தனிப் பகுதி உண்டு. உங்கள் கல்லூரியில் அகில இந்திய வரிசை முழுசாக இருந்தால் அது மாடியில் தூசி பிடித்துக் கிடக்கும், போய்ப் பாருங்கள்.

மாறுதலுக்குப் பிந்தைய சட்டங்கள் தமிழ்நாட்டு வரிசையில் வரும், ஆனால் தலைப்பில் பெரும்பாலும் 'மாற்றப்பட்ட பகுதி' என்ற சொல் இருக்கும். மாற்றப்பட்ட பகுதிக்குச் சட்டங்களை நீட்டித்த 1957-ம் ஆண்டுச் சட்டம், 1959-ன் தேவஸ்வங்கள் (கோயில் நிர்வாகம், சொத்து) சட்டம், 1964-ன் ரயத்துவாரி செட்டில்மென்ட் சட்டம், அதே ஆண்டின் ஸ்ரீபண்டாரவகை (பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய) நிலச் சட்டம். கேட்லாக்கில் 'கன்னியாகுமரி' என்று தேடினால் இவற்றில் பெரும்பாலானவை வராது, 'மாற்றப்பட்ட பகுதி' என்ற சொல்லைப் போட்டுத் தேடுங்கள்.

நான்காவது, மொழி. சட்டங்களும் ஹைகோர்ட் தீர்ப்புத் தொகுதிகளும் ஆங்கிலத்தில் கிடைக்கும். ஆதாரங்கள் (சொத்துப் பத்திரங்கள்), விளம்பரங்கள், கீழ்க்கோர்ட்டுக் காகிதங்கள் மலையாளத்தில். மலையாளம் பேசத் தெரிந்தவர், ஏன் படிக்கத் தெரிந்தவர்கூடத் திணறலாம், ஏனென்றால் 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்து அது. தென் திருவிதாங்கூரின் இன்னும் பழைய ஓலைகளில் மலையாண்மா எழுத்து வரும், அதற்குத் தனி ஆள் வேண்டும். நம்மூரில் பழைய ஆவண எழுத்தர்களும், குழித்துறை கோர்ட்டில் வெகுநாள் இருந்த வக்கீல் குமாஸ்தாக்களும் பழைய எழுத்தைச் சரளமாக வாசிப்பார்கள். ஒற்றி, பாட்டம், குழிக்காணம் என்ற பழைய நில உரிமைச் சொற்களின் நடைமுறைப் பொருளும் அவர்கள் வாயில் வரும். நூலகர் அப்படி ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பார், கேளுங்கள். வாசித்துத் தருபவருக்குக் கூலி கொடுப்பது முறை, சாயாவோடு முடித்துவிடாதீர்கள்.

படி 6: வேறு நூலகத்திலிருந்து வரவழைப்பது

இன்டர் லைப்ரரி லோன் என்பது நூலகத்துக்கும் நூலகத்துக்கும் இடையிலான கடன். உங்கள் பெயரில் புத்தகம் வருவதில்லை, கல்லூரி நூலகத்தின் பெயரில்தான் வரும். பொறுப்பு நூலகருடையது என்பதால்தான் அவர் அத்தனை கேள்வி கேட்கிறார். டெல்நெட்டில் இரு நூலகமும் உறுப்பினர் என்றால் கூட்டுக் கேட்லாக்கில் தேடி வேண்டுகோள் வைக்கலாம். இல்லையென்றால் நூலகர் நேரடியாகக் கடிதம் எழுத வேண்டும். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி, சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரி, கொச்சியின் நுவால்ஸ் சட்டப் பல்கலைக்கழகம் எல்லாம் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள். திருவனந்தபுரம் சட்டக் கல்லூரி 1875-ல் தொடங்கியது, திருவிதாங்கூர் சரக்குக்கு முதலில் நினைவு வர வேண்டியது அதுதான்.

வேண்டுகோள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு மாதிரி. முதலாவது, நூலகருக்கு வாட்ஸப்பில் வருவது: 'சார், நம்ம ஊர் தேவஸ்வம் ஆக்ட் பத்தின பழைய கெஜட் எதாவது கிடைக்குமா? கொஞ்சம் அர்ஜென்ட்.' இதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது:

'மாற்றப்பட்ட பகுதி தேவஸ்வங்கள் சட்டம், 1959. சட்டமாவதற்கு முன் மசோதாவோடு சென்னை அரசின் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டில் வந்த நோக்கங்கள், காரணங்கள் அறிக்கை மட்டும். தேதி தெரியாது, 1958 தொடங்கி 1959 முடியப் பார்க்கவும். ஸ்கேன் நகல் போதும். அடுத்த மாதம் 20-க்குள் வந்தால் பயன்படும், அதற்குப் பிறகு வேண்டாம். கட்டணம் முந்நூறு ரூபாய் வரை சம்மதம், தாண்டினால் கேட்டுச் செய்யவும்.'

இதில் என்ன வேண்டும், எதுவரை தேட வேண்டும், எந்த வடிவம், கடைசி நாள், செலவு வரம்பு எல்லாம் வந்துவிட்டது. எதிர்முனை நூலகர் இதை அப்படியே தன் உதவியாளர் கையில் கொடுத்துவிடலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருப்பதையும் பாருங்கள், ஊகித்து ஒரு தேதி போட்டிருந்தால் அந்த நாளில் இல்லை என்று ஒற்றை வரிப் பதில் வந்திருக்கும்.

நகலுக்கு ஒரு வாரம், புத்தகத்துக்கு மூன்று நான்கு வாரம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் செலவைச் சில கல்லூரி ஏற்கும், சில உங்களிடம் கேட்கும். வந்த புத்தகத்தில் 'நூலகத்துக்குள் மட்டும்' என்ற சீட்டு இருந்தால் வீட்டுக்குக் கிடைக்காது. ரின்யூ செய்வதும் கொடுத்தவர் கையில். பென்சில் கோடு உட்பட ஒன்றும் வேண்டாம். ஒரு புத்தகம் கோடு கிழித்துத் திரும்பிப் போனால் அடுத்த ஆசிரியரின் வேண்டுகோளுக்கு அங்கிருந்து பதிலே வராது.

இந்தியாவில் அச்சான புத்தகம் எங்குமே கிடைக்கவில்லை என்றால் சென்னை கன்னிமாரா இருக்கிறது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகங்கள் போய்ச் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கே இரவல் எதிர்பார்க்காதீர்கள், போய்ப் பார்ப்பதற்குத்தான்.

படி 7: நேரில் போவது

களியக்காவிளையில் கேரள பஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் தம்பானூர். நாகர்கோவில், குழித்துறை பக்கம் இருப்பவர்களுக்குக் காலை ரயில் வசதி. பாளையத்தில் இறங்கினால் 1829-ல் தொடங்கிய மாநில மத்திய நூலகமும், 1942-ல் தொடங்கிய கேரளப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்றுக்கொன்று பக்கம். அரசு ஆவணங்கள் வேண்டுமென்றால் கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகம்.

கையில் இருக்க வேண்டியது: முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அறிமுகக் கடிதம் இரண்டு அசல், கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், போட்டோ, பென்சில். கடிதத்தில் 'ஆய்வுக்காக' என்று மட்டும் இருந்தால் ஒரு சுற்று அலைய வைப்பார்கள். தலைப்பையும், பார்க்க வேண்டிய தொடரையும், காலத்தையும் ஆங்கிலத்திலேயே குறிப்பிட்டு வாங்கிப் போங்கள். முந்தின நாள் போன் செய்து கேட்பது அதைவிட முக்கியம். நம் கல்லூரிக்கு வேலை நாளாக இருந்தாலும் இரண்டாம் சனி அங்கே அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. ஓண வாரத்தில் போகவே வேண்டாம்.

ஆவணக் காப்பகத்தில் முதல் நாள் பெரும்பாலும் விண்ணப்பத்துக்கும் பட்டியல் புரட்டுவதற்கும் போய்விடும். கோப்பு கைக்கு வர மதியமாகலாம், மறுநாளும் ஆகலாம். ஒருநாள் பயணமாகத் திட்டமிட்டுப் போனால் பட்டியல் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வருவதே நடக்கும், அதுவும் வீண் இல்லை, அடுத்த தடவை அந்த எண்களோடு நேரே கேட்கலாம். போனில் படம் எடுக்க அனுமதி வேண்டுமா, பக்கத்துக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கவுண்டரில் 'சாறே' என்று கூப்பிட்டு உடைந்த மலையாளத்தில் ஆரம்பித்தாலே வேலை இளகும், பலருக்குத் தமிழும் புரியும்.

படி 8: மற்ற சில உதவிகள்

உங்கள் ஆய்வு மாணவர் உங்கள் கணக்கில் புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் பெயரும் கால அளவும் எழுதி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பொறுப்பு உங்களுக்கு.

ஒப்புமைச் சோதனை (ஆய்வில் பிறர் எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று மென்பொருளில் பார்ப்பது) பற்றி ஆசிரியர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. சட்ட ஆய்வில் பிரிவு வாசகத்தையும் தீர்ப்புப் பத்தியையும் அப்படியே எடுத்தெழுதாமல் முடியாது. முறையாக மேற்கோள் காட்டியவற்றையும் குறிப்புப் பட்டியலையும் கணக்கிலிருந்து நீக்கித்தான் பார்க்க வேண்டும். சோதனை செய்பவரிடம் அந்த வடிகட்டிகளைப் போட்டாரா என்று கேளுங்கள், போடாத அறிக்கையில் நாற்பதுகூட வரும்.

புத்தகம் வாங்கப் பரிந்துரைக்கும்போது தலைப்பு, பதிப்பு, விலையோடு எந்தத் தாளுக்கு, எத்தனை மாணவருக்கு என்று ஒரு வரி சேர்த்தால் நூலகக் குழுவில் அது நிற்கும். கேரளத்து வெளியீடுகளை நம் பக்க விற்பனையாளர்கள் வைத்திருப்பதில்லை. அதை முன்கூட்டியே சொன்னால் திருவனந்தபுரம், எர்ணாகுளம் கடைகளில் விலைப்புள்ளி வாங்க நேரம் கிடைக்கும். மார்ச் மாதம் கொண்டுவந்து நீட்டினால் நிதியாண்டு முடிந்துவிடும்.

கோடை விடுமுறையில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடக்கும். உங்கள் பெயரில் உள்ள எல்லாப் புத்தகமும் அப்போது கவுண்டருக்கு வந்தாக வேண்டும், ரின்யூ செய்திருந்தாலும். அக்ஸஷன் நம்பரை (நூலகப் பதிவெண்ணை) சரிபார்த்து முத்திரை போட்டபின் அன்றைக்கே திரும்ப எடுத்துப் போகலாம். இன்டர் லைப்ரரி லோனில் வந்தவற்றை மட்டும் அதற்கு முன்பே அனுப்பிவைத்திருக்க வேண்டும்.